மணல்வாரி அம்மையும் அதன் தடுப்பூசியும்

நம் இல்லங்களில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, கண் சிவந்து, மூக்கொழுகி, மூன்று நான்கு நாட்களில் காதோரத்திலிருந்து தொடங்கி மேனியெங்கும் மணலை வாரி இறைத்தாற்போல் சிவந்த தடிப்புகள் கிளம்பினால், "பிள்ளைக்கு மணல்வாரி போட்டிருக்கிறது" என்கிறோம். அரசாங்க ஏடுகளில் தட்டம்மை என்று எழுதப்படுவதும், இலங்கைச் சகோதரர்கள் சின்னமுத்து என்று சொல்வதும் இந்நோயையே. அரபியில் இதற்கு ஹஸ்பா என்று பெயர்.

பெரியம்மையைப் போல் இது முகத்தில் தழும்பை விட்டுச் செல்வதில்லை. ஆகவே, "எல்லாப் பிள்ளைக்கும் ஒரு தடவை வருவதுதானே, மூன்று தண்ணீர் ஊற்றினால் போய்விடும்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்லி வந்தார்கள். உண்மை அவ்வளவு எளிதாயில்லை. 1963-ஆம் ஆண்டில் தடுப்பூசி வருவதற்கு முன்பு, உலகெங்கும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 26 லட்சம் பேர் இந்நோயால் மாண்டு வந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஊசி வந்து அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும், 2023-ஆம் ஆண்டில் சுமார் 1,07,500 பேர் இறந்திருக்கின்றனர். அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத, ஊசி போடப்படாத அல்லது முழுமையாகப் போடப்படாத குழந்தைகள்.

தடுக்கும் மருந்து கையிலிருந்தும் குழந்தைகள் சாவதேன்? வறுமையும், மருத்துவ வசதியின்மையும், போர்களும் காரணங்களாகும். ஆனால் முஸ்லிம் இல்லங்களில் இவற்றோடு இன்னொரு கேள்வியும் எழுகிறது. "அந்த ஊசியில் பன்றியின் பொருள் கலந்திருக்கிறதாமே! அதைப் பிள்ளைக்குப் போடலாமா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடிய கேள்வியன்று இது. ஹலால் ஹராமைப் பேணும் உள்ளத்திலிருந்து எழுவது. ஆகவே அதற்குரிய விடையைத் தேடும் முன், இந்நோயின் வரலாற்றையும் தன்மையையும் நாம் அறிந்து கொள்வது அவசியம். நோயின் ஆபத்தை அறியாதவருக்கு மார்க்கத் தீர்ப்பின் காரணமும் விளங்காது.

அர்-ராஸீ பிரித்துக் காட்டியது

முற்காலத்தில் உடம்பில் கொப்புளமோ தடிப்போ கிளம்பும் நோய்கள் பலவும் ஒன்றோடொன்று குழப்பிக் கொள்ளப்பட்டன. பெரியம்மை எது, மணல்வாரி எது என்று நோயாளியின் அருகிலிருந்து கவனித்து, இரண்டையும் பிரித்து விளக்கித் தனி நூல் எழுதிய பெருமை அபூபக்ர் முஹம்மது இப்னு ஸக்கரிய்யா அர்-ராஸீ அவர்களைச் சாரும். இன்றைய டெஹ்ரான் நகருக்கு அருகிலுள்ள ரய் என்ற ஊரில் கி.பி. 865-ஆம் ஆண்டளவில் பிறந்த அவர், அவ்வூர் மருத்துவமனைக்கும் பின்னர் பக்தாதின் மருத்துவமனைக்கும் தலைமை வகித்தார்.

அவர் எழுதிய நூலின் பெயர் 'கிதாபுல் ஜுதரீ வல் ஹஸ்பா' என்பதாகும். ஜுதரீ என்றால் பெரியம்மை. முதுகுவலி ஜுதரீயில் மிகுதியாயிருக்கும் என்றும், குமட்டலும் மனப் பதற்றமும் ஹஸ்பாவில் மிகுதியாயிருக்கும் என்றும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். இந்நூல் ஐரோப்பிய மொழிகளில் பெயர்க்கப்பட்டு, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் மருத்துவர்களால் படிக்கப்பட்டது. 1848-ஆம் ஆண்டில் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

அவர் சொன்ன அனைத்தும் சரியாயிருந்தன என்று நாம் கூறவில்லை. திராட்சைச் சாறு பொங்கி முற்றுவது போல் குழந்தையின் இரத்தம் பொங்குவதால் இந்நோய்கள் உண்டாகின்றன என்று அவர் கருதினார். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளை அக்காலத்தில் எவரும் அறிந்திருக்கவில்லை. ஆயினும், கேள்விப்பட்டதோடு நின்று விடாமல், பார்த்து, ஒப்பிட்டு, எழுதி வைக்க வேண்டும் என்ற அவருடைய வழியே பின்னால் வந்த அறிஞர்களைச் சரியான இடத்திற்குக் கொண்டு சேர்த்தது.

ஒரு தீவுக் கூட்டம் தந்த பாடம்

அத்தகைய அறிஞர்களில் ஒருவர் டென்மார்க் நாட்டு மருத்துவர் பானும். வட அட்லாண்டிக் கடலில் ஃபாரோ என்றொரு தீவுக் கூட்டம் இருக்கிறது. அங்கு 1781-ஆம் ஆண்டுக்குப் பின் மணல்வாரி வந்ததேயில்லை. 1846-இல் டென்மார்க்கிலிருந்து வந்த தச்சர் ஒருவருடன் நோயும் வந்திறங்கிற்று. 7,782 பேர் வாழ்ந்த அத்தீவுகளில் சில மாதங்களுக்குள் 6,000 பேருக்கு மேல் படுத்து விட்டனர். நிலைமையை ஆராய அரசு அனுப்பிய பானும் அப்போது இருபத்தைந்து வயது இளைஞர். அவர் ஊர் ஊராகச் சென்று, யாருக்கு எந்த நாளில் தடிப்பு கண்டது, அதற்கு முன் அவர் யாரோடு கலந்திருந்தார் என்று விசாரித்துக் குறித்துக் கொண்டார்.

இரண்டு உண்மைகள் வெளியாயின. முதலாவது, நோயாளியுடன் கலந்த நாளிலிருந்து ஏறத்தாழ பதினான்காம் நாளில் தடிப்பு கிளம்புகிறது. ஆகவே இது இரத்தம் தானே பொங்குவதால் உண்டாவதன்று. ஒருவரிடமிருந்து மற்றவரைத் தொற்றுவது. இரண்டாவது, 1781-இல் நோய் கண்டு பிழைத்திருந்த முதியவர்கள் எவரையும் அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து அது மீண்டும் தீண்டவில்லை. ஒருமுறை கண்டால் ஆயுள் முழுவதற்கும் காவல் உண்டாகிறது. அப்படியானால், நோயின் துன்பமின்றி அந்தக் காவலை மட்டும் உடலுக்குக் கொடுக்க முடியுமா? தடுப்பூசியின் அடிப்படைக் கேள்வி இதுதான்.

எவ்வளவு கடுமையான தொற்று?

மணல்வாரியைப் போல் வேகமாகத் தொற்றும் நோய் மிகக் குறைவு. காவல் இல்லாத பத்துப் பேர் நோயாளியின் அருகில் இருந்தால், ஒன்பது பேருக்கு அது தொற்றிவிடும். நோயாளி இருமிவிட்டு அறையை விட்டுப் போன பிறகும், இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் கிருமி இருக்கக் கூடும். தடிப்பு கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே, அதாவது வெறும் சளிக் காய்ச்சல் என்று நாம் எண்ணியிருக்கும்போதே, அது பிறருக்குப் பரவத் தொடங்கிவிடுகிறது. திருமண வீடு, மதரஸா வகுப்பு, பேருந்துப் பயணம் எதுவும் அதற்குப் போதும்.

பல குழந்தைகள் ஒன்றிரண்டு வாரத்தில் தேறிவிடுகிறார்கள் என்பது மெய்தான். ஆனால் சிலருக்கு நுரையீரல் அழற்சி கண்டு மூச்சுத் திணறுகிறது. சிலருக்குக் கடும் வயிற்றுப்போக்கு உண்டாகிறது. வைட்டமின் ஏ சத்துக் குறைந்த குழந்தைகளுக்குக் கண் பார்வையே போய்விடுவதுண்டு. ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை அழற்சி ஏற்படுகிறது. எல்லாம் குணமாகிப் பல ஆண்டுகள் சென்ற பின், மூளையைச் சிறிது சிறிதாக அழித்து உயிரைப் பறிக்கும் நோயாகவும் அபூர்வமாக அது திரும்புகிறது. மற்ற நோய்களை எதிர்க்க உடல் முன்பு கற்று வைத்திருந்த பாடத்திலும் ஒரு பகுதியை மணல்வாரி அழித்து விடுகிறது என்பதை 2019-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. மணல்வாரி இறங்கிய குழந்தை பல மாதங்கள் அடிக்கடி நோயில் படுப்பதை நம் பாட்டிமார்கள் கண்டிருக்கிறார்கள். அதன் காரணம் இப்போதுதான் விளங்கிற்று.

ஊசி பிறந்த விதம்

1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு அருகில் ஒரு பள்ளியில் மணல்வாரி பரவியபோது, எண்டர்ஸ், பீபிள்ஸ் என்ற இருவர் அங்கிருந்த ஒரு மாணவனின் இரத்தத்திலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்துச் சோதனைச் சாலையில் வளர்த்தனர். பின்னர் அக்கிருமியைக் கோழிக் கருவின் உயிரணுக்களில் மீண்டும் மீண்டும் வளர்த்து, அதன் வலிமையைக் குறைத்தனர். வலிமை குன்றிய கிருமி நோயை உண்டாக்காது; ஆனால் உடலுக்கு அதை அடையாளம் காட்டிக் கொடுத்துவிடும். பின்னர் உண்மையான கிருமி நுழையும்போது உடல் அதை எதிர்க்க ஆயத்தமாயிருக்கும். 1963-இல் இந்த ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1968-இல் ஹில்மன் என்ற அறிஞர் கிருமியை இன்னும் மென்மையாக்கி, காய்ச்சல் போன்ற தொல்லைகள் குறைந்த ஊசியை ஆக்கினார்.

நம் இந்தியாவில் 1985-ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இது சேர்க்கப்பட்டது. 2010 முதல் இரண்டாம் தவணையும் வழங்கத் தொடங்கினர். 2017-இல் மணல்வாரிக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து ஒரே ஊசியாக்கப்பட்டது. ரூபெல்லா கர்ப்பிணியைத் தாக்கினால் கருவிலிருக்கும் குழந்தையின் கண், காது, இருதயம் பழுதாகக் கூடும் என்பதால் அதையும் சேர்த்தார்கள்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இவ்வூசி போடும் இயக்கம் நடந்தபோது, மலட்டுத்தன்மை வந்துவிடும் என்றும் வேறு பலவாறும் கைபேசிகளில் செய்திகள் பறந்தன. பெற்றோர் பலர் தயங்கியதால், குறித்த நாட்களை அரசு நீட்டிக்க நேர்ந்தது. மலட்டுத்தன்மைக்கும் இவ்வூசிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. 1960-களிலும் 1970-களிலும் இதைப் போட்டுக் கொண்ட குழந்தைகள் இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள்!

மார்க்கத்தின் கேள்வி

இப்போது, நாம் தொடக்கத்தில் கூறிய கேள்விக்கு வருவோம். வலிமை குன்றிய கிருமி வெப்பத்தில் கெட்டுப் போகாதிருக்க, சில நிறுவனங்கள் ஊசி மருந்தில் ஜெலட்டின் என்ற பொருளைச் சேர்க்கின்றன. விலங்குகளின் தோல், எலும்பு முதலியவற்றைப் பதப்படுத்தி எடுக்கப்படுவது அது. சில தயாரிப்புகளில் அது பன்றியிலிருந்து எடுக்கப்பட்டதாயிருக்கிறது. ஜெலட்டினே சேராத தயாரிப்புகளும் சில நாடுகளில் கிடைக்கின்றன. ஆகவே, "ஊசி எல்லாமே பன்றியால் ஆனது" என்பதும் தவறு. "அப்படி எதுவுமே கிடையாது" என்பதும் தவறு.

மார்க்க அறிஞர்கள் இதைப் பற்றி என்ன கூறினார்கள்?

1995-ஆம் ஆண்டு மே மாதம் குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு ஒரு மாநாட்டைக் கூட்டியது. மார்க்க அறிஞர்களும் மருத்துவர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் கலந்து ஆராய்ந்தனர். ஒரு பொருள் தன் இயல்பு முழுவதும் மாறி வேறு பொருளாகிவிட்டால் அதன் சட்டமும் மாறும். இதற்கு இஸ்திஹாலா என்று பெயர். அசுத்தமான பிராணியின் எலும்பு, தோல் முதலியவற்றிலிருந்து இவ்வாறு மாறி வந்த ஜெலட்டின் சுத்தமானதே என்று அம்மாநாடு முடிவு செய்தது. உப்புச் சுரங்கத்தில் விழுந்த கழுதை உப்பாகவே மாறிவிட்டால் அதன் சட்டம் உப்பின் சட்டமே என்று ஹனஃபி நூல்களில் ஓதியவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

ஷாஃபிஈ மத்ஹபில் இஸ்திஹாலாவின் வட்டம் இதைவிடக் குறுகியது. ஆகவே ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் மிகுதியாக வாழும் இந்தோனேசியாவில் உலமாக்கள் வேறு வழியில் இதை ஆராய்ந்தார்கள். 2018 ஆகஸ்டில் இந்தோனேசிய உலமா சபை ஒரு ஃபத்வா வெளியிட்டது. அங்கு போடப்பட்டு வந்தது நம் இந்தியாவில் தயாரான மணல்வாரி-ரூபெல்லா ஊசி. அதன் தயாரிப்பில் பன்றியிலிருந்து பெற்ற பொருள் பயன்படுத்தப்படுவதால், அது தன்னளவில் ஹராமானது என்று ஃபத்வா கூறிற்று. ஆனால் அத்தோடு அது முடியவில்லை. இப்போது நிர்ப்பந்த நிலை இருக்கிறது. ஹலாலான மாற்று ஊசி இன்னும் கிடைக்கவில்லை. ஊசி போடாவிட்டால் நேரும் ஆபத்தை நம்பகமான நிபுணர்கள் எடுத்துரைத்திருக்கிறார்கள். ஆகவே இதைப் பயன்படுத்துவது ஆகும். ஹலாலான ஊசி கிடைக்கும் நாள் வரை இந்த அனுமதி நீடிக்கும் என்றும் அதே ஃபத்வா தெளிவாகக் கூறிற்று.

நடந்ததென்ன? "ஹராம்" என்ற முதற்பகுதி வீட்டுக்கு வீடு பரவிற்று. "ஆகும்" என்ற பிற்பகுதி அந்த வேகத்தில் பரவவில்லை. முந்தைய ஆண்டில் ஜாவாத் தீவில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி போட்டு முடித்திருந்த அந்நாட்டில், 2018-இல் மற்றத் தீவுகளில் நான்கில் மூன்று பங்குக் குழந்தைகளைக் கூட எட்ட முடியவில்லை. மார்க்கப் பற்று மிகுந்த ஆச்சே மாகாணத்தில் பத்தில் ஒரு பங்கு கூடத் தேறவில்லை. அதன் பின்னும் அந்நாட்டில் மணல்வாரி ஓயவில்லை. 2025-ஆம் ஆண்டில் மதுரா தீவின் சுமனெப் பகுதியில் அது பரவி, ஆகஸ்டு முடிவதற்குள் 17 குழந்தைகளின் உயிரைக் கொண்டு போயிற்று. அவர்களில் பெரும்பாலோர் ஊசியே போடப்படாதவர்கள். பல காரணங்கள் சேர்ந்து அங்கு ஊசி குறைந்திருந்தது என்றாலும், ஹலாலா ஹராமா என்ற தயக்கமும் அவற்றில் ஒன்றாயிருந்தது.

உயிருக்கு ஆபத்தான நிர்ப்பந்தத்தில், விலக்கப்பட்டதும் தேவையான அளவுக்கு ஆகுமாகிவிடும் என்பது நான்கு மத்ஹபின் சட்ட அறிஞர்களும் அறிந்த விதி. குவைத்தில் கூடியவர்கள் பொருள் மாறிவிட்டது என்ற வழியில் வந்தார்கள். இந்தோனேசிய உலமாக்கள் நிர்ப்பந்தம் என்ற வழியில் வந்தார்கள். வழிகள் இரண்டாயினும் இரு சாராரும் வந்து சேர்ந்த முடிவு ஒன்றே: பிள்ளைக்கு ஊசி போடலாம். பேணுதலுள்ள இல்லத்தார் ஜெலட்டின் சேராத ஊசி கிடைக்குமா என்று மருத்துவரிடம் விசாரிப்பதில் தவறில்லை. கிடைக்காவிட்டால், அது வரும் வரை பிள்ளையைக் காவலின்றி வைத்திருப்பதுதான் தவறு. ஐயமிருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் முழுக் கேள்வியையும் கேளுங்கள். அவர் கூறும் விடையைப் பிறரிடம் சொல்லும்போது அதையும் முழுமையாகச் சொல்லுங்கள்.

அடுத்த வீட்டுப் பிள்ளையும் நம் பொறுப்பே

"ஊரில் எல்லாரும் போட்டுக் கொள்கிறார்கள், நம் வீட்டுப் பிள்ளை ஒன்று போடாவிட்டால் என்ன?" என்று சிலர் எண்ணக் கூடும். ஜனாஸாத் தொழுகையைச் சிலர் நிறைவேற்றினால் மற்றவர்களின் பொறுப்பு நீங்கிவிடும். இது அவ்வகையைச் சேர்ந்ததன்று. நூற்றுக்கு 95 பேராவது இரு தவணையும் போட்டிருந்தால்தான் இந்நோய் ஊருக்குள் பரவாமல் நிற்கும். எஞ்சிய ஐந்து இடங்கள் சோம்பலால் தவிர்த்தவர்களுக்கு உரியவையல்ல. ஒன்பது மாதம் நிரம்பாத சிசுக்களும், புற்றுநோய் சிகிச்சை போன்ற காரணங்களால் ஊசி போட முடியாதவர்களும் அவ்விடத்தில் இருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டு இறுதியில், நம் மக்கள் நெருக்கமாக வாழும் மும்பையின் கோவண்டிப் பகுதியில் மணல்வாரி பரவிக் குழந்தைகளைப் பலிகொண்டது. கொரோனா காலத்தில் தவறிய தவணைகளைப் பலர் பின்னர் போட்டுக் கொள்ளாததே அதற்கொரு முக்கியக் காரணம்.

இல்லத்தார் கவனத்திற்கு

முதல் தவணை ஒன்பது மாதம் முடிந்ததும், பன்னிரண்டு மாதத்திற்குள் போடப்பட வேண்டும். இரண்டாம் தவணை பதினாறு முதல் இருபத்து நான்கு மாதத்திற்குள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இதற்குக் கட்டணமில்லை. ஒன்பதாம் மாதத்தில் போடும் முதல் தவணை ஏறத்தாழ நூற்றில் 85 குழந்தைகளுக்கே காவலாகிறது. ஆகவே ஒன்றோடு நிறுத்திவிடுவது பாதி வேலையே. தவணை தவறியிருந்தால், இனிப் பயனில்லை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். ஊசி போட்ட அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாட்களில் சிறிது காய்ச்சலோ இலேசான தடிப்போ காணலாம். அது தானாக நீங்கிவிடும். கர்ப்பிணிகளும், நோய் எதிர்க்கும் சக்தி மிகவும் குன்றியவர்களும் இதைப் போட்டுக் கொள்ளக் கூடாது.

பிள்ளைக்கு மணல்வாரி கண்டுவிட்டால், "அம்மை இறங்கும் வரை மருந்து ஆகாது" என்ற பழைய வழக்கத்தைக் கைவிடுங்கள். அம்மையைத் தெய்வ வருகை என்று எண்ணிய பிறருடைய நம்பிக்கையிலிருந்து நம் வீடுகளுக்குள் புகுந்த வழக்கம் அது. மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்தடுத்த இரு நாட்களில் வயதுக்குத் தக்க அளவில் வைட்டமின் ஏ மருந்து கொடுப்பார்கள். அது கண்ணையும் உயிரையும் காக்க உதவும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தாதீர்கள். நீர் ஆகாரம் அதிகம் கொடுங்கள். கண்ணில் இலைச்சாறு எதையும் விடாதீர்கள். மூச்சு வேகமாக வாங்கினாலோ, வலிப்பு கண்டாலோ, பால் குடிக்க இயலாமல் சோர்ந்து கிடந்தாலோ ஒரு கணமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

தடிப்பு கிளம்பி நான்கு நாட்கள் செல்லும் வரை பிள்ளையைப் பள்ளிக்கோ மதரஸாவுக்கோ விருந்துக்கோ அனுப்பாதீர்கள். கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் செல்லாதிருக்கவும், அவ்வூரிலிருப்போர் அதை விட்டு வெளியேறாதிருக்கவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். நம்மால் பிறருக்குத் தீங்கு நேரக் கூடாது என்ற அந்தப் படிப்பினை மணல்வாரிக்கும் பொருந்தும்.

ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் நம் கடமை. மருந்து தேடுவதும் அதற்கு முரணானதன்று. குழந்தை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். இம்மாதம் உங்கள் வீட்டில் ஒன்பது மாதம் நிரம்பும் குழந்தை இருக்கிறதா? இரண்டாம் தவணைக்கு உரிய குழந்தை இருக்கிறதா? அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். பக்கத்து வீட்டிலும் நினைவூட்டுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் குழந்தைகள் அனைவரையும் நோய் நொடியிலிருந்து காத்து, நீண்ட ஆயுளையும் நிறைந்த ஆரோக்கியத்தையும் அருள்வானாக! ஆமீன்.